ஹுல்கரின் பெட்டி

புகாராவில் ரொட்டி சுடும் தில்முரோத்தின் மனைவி ஹுல்கருடைய பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது.

“அஞ்சு வருஷமா ஒரு புழு பூச்சி உண்டாகலை. அவ அப்பன் வீட்டுக்கே கிளம்பட்டும்!” என்றாள் அவன் அம்மா.

தில்முரோத் வழியை மறித்தான். “குறை என்கிட்டதாம்மா. டாக்டர் சோதிச்சுட்டார். தினமும் தந்தூர் அடுப்புக்குள்ள குனியறேனே, அந்தச் சூட்டுல உயிரணு குறைஞ்சிருக்காம். மூணு மாசம் அடுப்பை விட்டு விலகியிருந்து பார்க்கச் சொல்றார்.”

“ஆம்பளைக்குக் குறையா? உங்கப்பன் அதே அடுப்புலதானே...”

அம்மா சட்டென்று நிறுத்தினாள்.

“என்னம்மா?”

“என்னையும் ஏழு வருஷம் மலடின்னாங்க. உங்கப்பன் கால் ஒடிஞ்சு மூணு மாசம் படுத்துக் கிடந்த பிறகுதான் நீ உண்டானே. தர்கா வேண்டுதல்னு நினைச்சேன்.”

பெட்டியைத் தானே உள்ளே தூக்கிக்கொண்டு போனாள்.

“டேய், நாளைக்கு அடுப்புப் பக்கம் போனே, காலை ஒடிச்சிடுவேன்!”