குழாயும் குறுக்குக் கேள்வியும்

“உங்க சரக்குல பிளாஸ்டிக் இருக்கு சார்” என்றாள் அவள், நாற்காலியில் உட்காரும் முன்பே.

மது ஆலையின் முதலாளி நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் நின்றிருந்த மேலாளர் சிரித்துவிட்டார்.

“பிளாஸ்டிக்கா? எங்க பாட்டில்கூட கண்ணாடிதாம்மா. பையைக் கிழிச்சுப் போட்டுக் காய்ச்சறோம்னு நினைச்சீங்களா?”

“துண்டு துண்டா மிதக்கல சார். பிளாஸ்டிக் விறைக்காம வளைஞ்சு கொடுக்க ஒரு ரசாயனம் கலப்பாங்க. கடுமையான சாராயம் பட்டா அது கரைஞ்சு வந்துடும். உங்க தொட்டியில அது அனுமதிச்ச அளவைத் தாண்டி எங்கேயோ போயிடுச்சு.”

அவள் வெளி ஆய்வகம் ஒன்றின் பரிசோதகர். தனியாக வந்து முடிவு சொல்லும் முதல் ஆலை இது. மேலாளர் விடுவதாக இல்லை.

“சாம்பிளை எதுல எடுத்தீங்க? பிளாஸ்டிக் டப்பாவிலயா?”

“கண்ணாடிக் குப்பியில.”

“கையுறை போட்டிருந்தீங்களே, அதுலேர்ந்து ஒட்டியிருந்தா?”

“அந்தச் சந்தேகம் எனக்கும் வந்துச்சு. சுத்தமான ஆல்கஹாலை அதே மாதிரி குப்பியில, அதே கையுறையோட எடுத்து சோதிச்சேன். ஒண்ணுமே இல்லை.”

“மெஷின் தப்பாக் காட்டாதா?”

“வேற மெஷின்லயும் போட்டுப் பார்த்தாச்சு.”

முதலாளி மேலாளரைப் பெருமையாகப் பார்த்தார். அவளுக்குக் காது சூடேறியது.

“சரிம்மா, குடிக்கறவனே உடம்பு போனாப் போகுதுன்னுதான் வர்றான். துளியூண்டு இதுக்கா அழப்போறான்?”

“சாராயம் கெடுதல்னு அவனுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வாங்கறான். இது இருக்கறது அவனுக்குத் தெரியாதே சார்!”

முதலாளி நாற்காலியில் நெளிந்தார். மேலாளர் அடுத்ததற்குத் தாவினார்.

“எங்கேர்ந்து வந்துச்சாம்?”

“காய்ச்சி இறங்கற இடத்துல ஒண்ணு, தொட்டியில ஒண்ணுன்னு ரெண்டு சாம்பிள் எடுத்தேன். இறங்கற இடத்துல சுத்தமா இருக்கு. தொட்டியிலதான் கோளாறு. நடுவுல இருக்கறது புதுசா மாட்டின பிளாஸ்டிக் குழாய் மட்டும்தான்.”

முதலாளியின் முகம் இறுகியது. “அது என் மச்சான் பார்த்துப் பார்த்து வாங்கிப் போட்டது.”

“அதானே!” என்றார் மேலாளர். “அவர் போய் மட்டமானதை வாங்குவாரா?”

“மட்டம்னு யார் சொன்னா? தண்ணிக்கு அது நல்ல குழாய். சாராயத்துக்குத்தான் ஆகாது.”

முதலாளியின் முகம் மெல்லத் தளர்ந்தது. பிறகு மேலாளரிடம் திரும்பினார்.

“இன்னும் ஏதாவது கேட்கணுமா?”

“இல்லைங்க. எல்லாத்துக்கும் பதில் வெச்சிருக்காங்க.”

“அப்போ தொட்டியிலேர்ந்து ஒரு சொட்டு வெளிய போகக் கூடாது. கடைக்குப் போனதையும் திருப்பி வரவழை. குழாயைக் கழட்டிட்டு ஸ்டீல்ல போடு. மச்சான்கிட்ட நான் பேசிக்கறேன்.”

வாசலை நோக்கி விறுவிறுவென்று நடந்தவளின் பின்னால் மேலாளர் வந்தார். அவள் சட்டென்று நின்றாள்.

“ஜெயிச்சது நான்தான், ஆனா வயிறு எரியுது சார். முதலாளி மனசு குளிரணும்னா ஊரையே இந்த விஷத்தைக் குடிக்க வெச்சுடுவீங்க போல. உங்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா?”

அவர் அலுவலக ஜன்னலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“குழாய் மாட்டின அன்னைக்கே வேண்டாம்னேன். மச்சான் மேல உனக்குப் பொறாமைன்னு முதலாளி என் வாயை அடைச்சுட்டார். இன்னைக்கு உங்க பக்கம் ஒரு வார்த்தை பேசியிருந்தா, ரெண்டு பேரும் கூட்டுன்னு உங்களையும் விரட்டியிருப்பார். அதான், அவர் மனசுல இருந்த கேள்வியையெல்லாம் நானே கேட்டுத் தீர்த்தேன்.”

“இதை முன்னாடியே எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே சார்?” என்றாள் அவள்.

“பிளாஸ்டிக் கலந்திருக்கான்னும் சேர்த்துப் பாருங்கன்னு உங்க ஆபீசுக்கு போன் பண்ணினதே நான்தாம்மா.”