வெளிவராத பாட்டு

“அவங்க பாட்டு ஜாலியான ராக்தானே அத்தான்?” என்று அத்தானின் அபிமான இசைக்குழுவைப் பற்றிக் கேட்டு, மைத்துனன் வசமாக மாட்டிக்கொண்டான்.

“ஞானசூனியம்! அது ஹெவி மெட்டல்டா. வெளிவந்த பாட்டெல்லாம் ஊருக்காகப் போட்டது. வெளிவராத பாட்டுலதான் அவங்க ஆத்மாவே இருக்கு. பத்து வருஷமா கேக்கறேன்.”

அத்தான் தன் பழைய ஸ்பூல் டேப்பை ஓடவிட்டார். கிணற்றுக்குள்ளிருந்து அழுவதுபோல் ஒரு குரல் இழுத்தது. அவர் கண்மூடி உருகினார்.

மைத்துனன் டேப் ரெக்கார்டரைக் குனிந்து பார்த்தான். “வேகத்தைப் பாதியில வச்சிருக்கீங்களே!” என்று குமிழைத் திருப்பினான்.

குரல் துள்ளிக் குதித்தது: “பளிச் பளிச் பல்பொடி! பாப்பாவுக்கும் பல்பொடி!”

“பத்து வருஷமா பல்பொடி விளம்பரத்துக்கா அழுதீங்க?” என்றாள் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த அக்கா.

அத்தான் மைத்துனனை முறைத்தார். “உங்க குடும்பத்துக்கே ரசனை கிடையாது. பழைய வேகத்துலயே வைடா!”