உள்வேலை

மரவேலை செய்யிற பேசாலை றொட்னி பாஸ், நாற்பத்தைஞ்சு நாளில முடிப்பன் எண்டு சொன்னவர். நோன்பு போச்சு, ரெண்டு பெருநாளும் போச்சு. என்ர குசினியில இன்னும் வெறும் சுவர்தான் நிண்டது.

பெரிய வேலையா? குசினிக்குக் கதவும் லாச்சியும் வைச்ச ஒரு பென்ரி, மூண்டு அறைக்கும் சுவர் அலுமாரி, ஹோலுக்கு ரீவி வைக்க ஒரு பலகை. உள்வேலை எண்டு அவ்வளவுதான்.

எனக்கு ஏன் இந்த அவசரம் எண்டு கேப்பீங்கள். எங்கட ஆக்களில மாப்பிள்ளைதான் பொம்பிளை வீட்டுக்கு வந்து குடியிருக்கிறது. என்ர மகள் அப்ராவைப் பொம்பிளை கேட்டு வந்த கொண்டச்சி ஊர்க்காரர், "உள்வேலை முடிஞ்சு வாற முதல் வெள்ளி நிக்காஹ்" எண்டு சொல்லிப்போட்டுப் போனவங்க. நானும் ஓமெண்டு வாக்குக் குடுத்திட்டன்.

அப்ரா வவுனியாவில தாதியர் படிப்பு, மூண்டாம் வருஷம். கடைசிச் சோதனை ஜூன் நடுவில. "சோதனை முடியட்டுமே உம்மா" எண்டு ஒரே ஒருக்காத்தான் கேட்டவள். கலியாணத்துக்குப் பிறகு படிப்புமில்லை, சோதனையுமில்லை எண்டு மாப்பிள்ளையிட உம்மா ஒரே பிடியா நிண்டா. நல்ல இடம், கைவிட்டுப் போயிடும் எண்டு நான் என்ர மகளைத்தான் வாயடக்கினன்.

றொட்னி பாஸும் சும்மா இருக்கேல்ல. வருவார், ரேப்பை இழுத்து அளப்பார், போவார். பலகை கொழும்பில நிக்குதாம். நிறம் மாறி வந்திட்டுதாம். கதவு ஒரு நூல் கூடிப்போச்சாம். அளந்த சுவரையே மாசத்துக்கு ஒருக்கா அளந்தவர். என்ர சுவர் என்ன, பிள்ளையா, வளர? வேற பாஸைப் பிடிப்பமெண்டால், இந்தா முடியுது, இந்தா முடியுது எண்டு ஆளை அசைய விடார்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஊர்ப் பொம்பிளையளிட வாட்ஸ்அப் குறூப்பில, றொட்னிக்கு வேலை குடுத்தால் உங்கட பேரப்பிள்ளைதான் பென்ரியைக் காணும் எண்டு வொய்ஸ் போட்டன். அதால ரெண்டு வீட்டு வேலை அவருக்குக் கைவிட்டுப் போனது.

மாப்பிள்ளை நிப்ராஸுக்குப் பிரதேச சபைக் கந்தோரில வேலை. றொட்னி பாஸை எனக்குப் பிடிச்சுத் தந்ததே அவர்தான். வெள்ளிக்கு வெள்ளி ஜும்மா முடிய கோல் எடுப்பார். "மாமி, வேலை முடிஞ்சுதா?" அந்த ஒரு கேள்விதான். இன்னும் இல்லை மகன் எண்டு சொல்லுறதுக்குள்ள எனக்கு உயிரே போயிடும். அவரும்தான் எவ்வளவு நாளைக்குப் பொறுப்பார்.

ஜூன் முதல் வெள்ளி, காலையில, இண்டைக்கு ரெண்டில ஒண்டு பாக்கிறது எண்டு ஓட்டோவைப் பிடிச்சுப் பேசாலைக்குப் போனன்.

பட்டறை திறந்து கிடந்தது. மூலையில பொலித்தீனால மூடின ஒரு பெரிய அடுக்கு. பொலித்தீன் நுனிக்குள்ளால நான் தெரிஞ்செடுத்த இளம்பச்சை நிறம் எட்டிப் பாத்தது. ஒரே இழுவை. என்ர பென்ரி! கதவு, லாச்சி, கைபிடி, ஒண்டுக்கும் குறையில்லை. அலுமாரியளும் பின்னால நிண்டது.

ஒரு கதவின்ட பின்பக்கம் பென்சிலால எழுதியிருந்தது: முடிஞ்சது, ஜனவரி 29. டிசம்பர் இருபதில துவங்கின வேலை. விரல் விட்டு எண்ணினன். நாற்பத்தொரு நாள்.

"அப்ப ஏன் என்னை இவ்வளவு நாளும் பேய்க்காட்டினீங்கள்?" எண்டன்.

பின்னால வந்து நிண்ட றொட்னி பாஸ் தலையைக் குனிஞ்சார். "சொன்ன நாளுக்கு முந்தியே முடிச்சிட்டன் ராத்தா. ஏன் கொண்டுவந்து சுவரில பூட்டேல்ல எண்டு மட்டும் கேக்காதைங்கோ. ஒரு ஆளுக்கு வாக்குக் குடுத்திட்டன்."

என்னால ரெண்டு வேலை போனதே எண்டு கேட்டன். ஓம், போனதுதான் எண்டார். துணியால கதவைத் துடைச்சு, பொலித்தீனைத் திரும்ப இழுத்து மூடினார்.

எனக்கு விளங்கிட்டுது. அப்ராதான். பூனை மாதிரி இருந்து கொண்டு என்ன வேலை பாத்திருக்கிறாள். ஓட்டோவில வரும்போதே அவளுக்குக் குடுக்கிற பேச்சை ஒழுங்குபடுத்திக் கொண்டு வந்தன்.

வீட்டில கால் வைக்க, ஜும்மா முடிஞ்சு நிப்ராஸிட கோல்.

"மாமி, வேலை முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது மகன். என்ர கண்ணால பாத்திட்டு வாறன். நாளைக்கே பூட்டிடலாம்."

அந்தப் பக்கம் பள்ளிச் சனத்தின்ட சத்தம் தூரமாப் போனது. ஆள் தனிய ஒதுங்கிப் போறார் எண்டு நினைச்சன்.

"மாமி," குரல் நல்லா இறங்கியிருந்தது. "அப்ராட சோதனை முடியுமட்டும் இழுப்பன் எண்டுதானே றொட்னி அண்ணன் எனக்கு வாக்குத் தந்தவர்? உம்மாவை எதிர்த்துப் பேச எனக்கு ஏலாது. இன்னும் பத்து நாள்தானே மாமி."

வெள்ளிக்கு வெள்ளி அவர் கேட்டது அவசரத்தில இல்லை, பயத்தில. பெத்த எனக்கு வராத யோசினை, கட்டப்போறவருக்கு வந்திருக்குது. வெக்கமாவும் இருந்தது, நெஞ்சு நிறைஞ்சும் இருந்தது.

"பகிடிக்குச் சொன்னனான் மகன். ஒண்டும் முடியேல்ல," எண்டன். "உம்மா கேட்டால், அந்தப் பேசாலை பாஸ் எங்களை ஏமாத்திப்போட்டான் எண்டு நானே சொல்லுறன்."

சோதனையும் முடிஞ்சுது, பிறகு நிக்காஹும் முடிஞ்சுது. இப்ப அப்ரா வெள்ளை உடுப்புப் போட்டு வேலைக்குப் போறாள். அந்தப் பென்சில் எழுத்தைப் படமெடுத்து நானே குறூப்பில போட்டன். றொட்னி பாஸை இனிப் பிடிக்கேலாது, அவ்வளவு வேலை.

வீடு பாக்க வாற எல்லாரும் எத்தினை நாள் பிடிச்சது எண்டுதான் கேக்கிறவங்க. சம்மந்தி பக்கத்தில இருக்கேக்கையும் நான் பென்ரிக் கதவைத் திறந்து காட்டித்தான் சொல்லுறது:

"பாஸ் எடுத்தது நாற்பத்தொரு நாள். மிச்சம் முழுக்க என்ர மருமகன் எடுத்தது."