மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு சண்டை

"பார்த்தீங்களா திமிரை? இவங்களைப் போய்க் கூப்பிட்டீங்களே!"

புத்தகக் கடைக்காரரின் காதைக் கடித்தாள் அவர் மனைவி.

கடையின் மாடியில் கூட்டம். போட்ட நாற்காலிகள் போதாமல் சிலர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் வந்தது அந்த நாவலாசிரியையைப் பார்க்க. நான்கு நாவல் எழுதியும் ஒரு மேடைகூட ஏறாதவர். பேட்டி என்று போன் வந்தால் எடுக்கவே மாட்டார். 'தலைக்கனம்' என்று பெயர் வாங்கியவர். எப்படியோ இந்தக் கூட்டத்துக்கு மட்டும் சம்மதம் என்று ஈமெயில் அனுப்பியிருந்தார்.

வந்தவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. சிரித்துத் தலையசைத்ததோடு சரி.

"இப்ப எழுதிட்டிருக்கிற நாவலைப் பத்திச் சொல்லுங்களேன் மேடம். ரெண்டு தோழிகளோட கதைன்னு கேள்விப்பட்டோம்." கடைக்காரர் மைக்கை அவர் பக்கம் நகர்த்தினார்.

நாவலாசிரியை மைக்கைப் பார்த்தார். தண்ணீர் குடித்தார். கூட்டத்தைப் பார்த்தார். மறுபடியும் தண்ணீர் குடித்தார்.

யாரோ இருமினார்கள். பின்னால் இரண்டு பேர் கிளம்ப எழுந்தார்கள்.

அப்போதுதான் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். பஸ் டிரைவர். வேலை முடிந்த கையோடு நீல யூனிஃபார்ம் சட்டையிலேயே வந்திருந்தாள்.

"அவங்க என்னத்தைச் சொல்றது? நான் சொல்றேன். பத்திரிகையில வந்த ரெண்டு அத்தியாயத்தை நானும் படிச்சேன். ஓட்டல்ல துணி துவைக்கிற ரெண்டு பொம்பளைங்க. ஒருத்திக்கு சூப்பர்வைசர் வேலை கிடைக்குது. இன்னொருத்திக்கு வயிறு எரியுது. இதுக்குப் பேரு நட்பாம்! யார் காதுல பூ சுத்தறாங்க?"

"உட்காரும்மா!"

"எழுத்தாளர்கிட்ட மரியாதையாப் பேசுங்க!"

கடைக்காரருக்கு வியர்த்துவிட்டது. நாவலாசிரியையின் முகம் சிவந்தது. மைக்கை வெடுக்கென்று இழுத்தார்.

"எரியத்தான் செய்யும்! ஏன் எரியக் கூடாது? வயிறு எரிஞ்சுகிட்டே, அவளோட புது யூனிஃபார்முக்கு இவதானே இஸ்திரி போட்டுத் தர்றா? அந்தப் பக்கத்தை நீ படிச்சியா, தாண்டிட்டியா?"

கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. முன்பின் தெரியாதவளை இப்படி நீ, வா, போ என்கிறாரே!

"படிச்சேன், படிச்சேன். கொட்டாவிதான் வந்துச்சு. ஃப்ரெண்டுன்னா உயிரைக் கொடுக்கணும். அதான் கதை."

"கொடுத்துக் கொடுத்துத்தான் கதைகள்ல ஃப்ரெண்டுங்க பாதியிலயே காலியாயிடறாங்க! நாயகிக்குப் புத்தி சொல்லணும், காதலுக்குத் தூது போகணும், வேலை முடிஞ்சதும் செத்துப்போகணும். அவளுக்குன்னு ஒரு பல்வலி உண்டா? அவ வீட்டுல ஒரு சண்டை உண்டா? என் கதையில உண்டு. என் கதையில ரெண்டு பேருமே நாயகிதான்!"

"சரி, கடைசியில ரெண்டும் கட்டிப் பிடிச்சு அழும். அதானே?"

"அழாது! கடைசி அத்தியாயம் இன்னும் எழுதலை. ஆனா அழாதுன்னு மட்டும் தெரியும். காதலை ஒரு கல்யாணத்துல முடிச்சுடலாம். பகையை ஒரு கொலையில முடிச்சுடலாம். நட்பை எங்கே கொண்டுபோய் முடிக்கிறது? மறுநாள் காலையில ரெண்டு பேரும் திரும்ப வேலைக்கு வருவாங்க. ஒரே போர்வையை ஆளுக்கு ஒரு பக்கமாப் பிடிச்சு உதறுவாங்க. ஒருத்தி கையை விட்டா போர்வை தரையில விழுந்துடும். அந்த ஒரு உதறலை எழுதத்தான் மூணு வருஷமா முட்டி மோதிட்டிருக்கேன்!"

டிரைவரும் விடவில்லை. அவள் ஒன்று கேட்டால் இவர் பத்து சொன்னார். படிக்கட்டில் இருந்தவர்கள் உள்ளே வந்து நெருக்கியடித்து நின்றார்கள். கிளம்ப எழுந்த இருவரும் எப்போது மறுபடி உட்கார்ந்தார்களோ தெரியாது. 'இந்த நாவல் எப்ப வரும் மேடம்?' என்று நான்கு பக்கமிருந்தும் குரல்கள். கடைக்காரரின் மனைவி கன்னத்தில் கை வைத்தபடி அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

முடிந்தபோது மாடியே எழுந்து நின்று கைதட்டியது. தட்டிய தட்டில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

டிரைவர் மட்டும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு படியிறங்கினாள்.

"நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டியா?" என்றார் ஒரு பெரியவர்.

"இதெல்லாம் எங்கேருந்து வருதுங்களோ!" என்றாள் இன்னொருத்தி.

அவள் காதில் வாங்காமல் போய்விட்டாள்.

கையெழுத்து வாங்க நின்ற வரிசை கரைந்ததும் கடைக்காரர் கையைப் பிசைந்துகொண்டு வந்தார்.

"பிரமாதமாப் பேசினீங்க மேடம். அந்தம்மா பேசினதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். இனிமே கடைப் பக்கமே அவங்களை அண்டவிட மாட்டேன்."

நாவலாசிரியை பதில் சொல்வதற்குள் கீழே தெருவில் ஸ்கூட்டர் ஹாரன் அலறியது.

"அடியே! கூட்டம் முடிஞ்சும் உன் வாய் ஓயலையா? பசி உயிர் போகுதுடி!" அதே டிரைவரின் குரல்.

"கத்தாதேடி, வந்துட்டேன்! ரெண்டு நிமிஷம் பொறுத்தா ஒண்ணும் குறைஞ்சு போயிட மாட்டே!"

ஜன்னல் வழியே பதிலுக்குக் கத்திவிட்டு, திகைத்து நின்ற கடைக்காரர் பக்கம் சிரித்துக்கொண்டே திரும்பினார் நாவலாசிரியை.

"எ... எனக்குச் சின்ன வயசுலேருந்து பே... பேச்சு திக்கும் சார். அவகூடச் ச... சண்டை போடறப்ப மட்டும்தான் தி... திக்காது. அதான், எ... எல்லார்கிட்டயும் திட்டு வாங்கினாலும் ப... பரவாயில்லைன்னு எழுந்துட்டா."