பேர் பெற்றவர்

பூனாகலைத் தோட்டத்து அம்மன் கோவிலில் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்தும் சனம் கலையவில்லை. மரத்தடியில் உட்கார்ந்திருந்தவரைச் சுற்றி ஒரே கூட்டம். தூணோரம் நின்று அதைப் பார்த்த ஞானசேகரத்துக்கு வயிறு எரிந்தது.

"நானுந்தான் இந்தக் கோவிலே கதின்னு கெடக்கிறேன். என்னை யாராவது தேடி வர்றாங்களா?"

இருமுகிற பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த மனைவி மங்களா சமாதானம் சொன்னாள்.

"குருக்கள்ங்கிற பேரு லேசுல வருமா? ஆகமம் படிச்சு, தீட்சை வாங்கி, ஆச்சாரிய அபிஷேகமும் ஆகணும். குருன்னா பத்தாதுன்னு மரியாதைக்குக் 'கள்' வேற சேர்த்திருக்காங்க. அதை நெனச்சு மனசைத் தேத்திக்கங்க."

"பேரை வச்சு என்ன செய்ய?" என்று முணுமுணுத்தார் ஞானசேகரம்.

அப்போது காய்ச்சலில் துவண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கலாராணி வேகமாக வந்தாள்.

"கொஞ்சம் வழி விடுங்க, குருக்கள் ஐயா. மரத்தடியில பூசாரியண்ணன்கிட்ட புள்ளைக்கு மந்திரிக்கணும்."

ஞானசேகரக் குருக்கள் ஒதுங்கி வழிவிட்டார். திரும்பிப் பார்த்தால், பக்கத்தில் மங்களாவைக் காணோம். இருமுகிற பிள்ளையோடு அவளும் கலாராணிக்குப் பின்னால் போய் நின்றிருந்தாள்.