பேர் வெட்டாத கல்

"ஹாரன் அடிக்காதீங்க! இது உங்க மீன்வண்டி இல்ல," என்று பின்னாலிருந்து தோளில் தட்டினாள் சகாயசெல்வி.

ஆன்ட்ரூஸ் விரலை எடுத்துக்கொண்டார். தாய்லாந்தில், காஞ்சனபுரி என்ற ஊரில் வாடகைக்கு எடுத்த பைக் அது. காலையிலிருந்து அந்தச் சாலைகளில் அவரைத் தவிர வேறு யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

"ஆளு குறுக்க வந்தா என்ன செய்ய, செபம் சொல்லவா?"

"சொல்லுங்க. இன்னைக்குக் கல்லறைத் திருநாளுதானே."

பாங்காக்கில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் மகள் பிரிஜாவைப் பார்க்க வந்தவர்கள் இருவரும். எங்கெல்லாமோ கூட்டிப்போக மகள் ஆசைப்பட்டாள். செல்வி கேட்டது ஒன்றுதான். உலகச் சண்டைக் காலத்தில் இங்கே ரயில் பாதை போட்டுச் செத்தவர்களின் கல்லறைகளைப் பார்க்க வேண்டும், அதுவும் நவம்பர் இரண்டாம் தேதி. அவளுடைய பாட்டாவின், அதாவது தாத்தாவின், அண்ணன் மலேயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவராம். அங்கிருந்து ஜப்பான்காரன் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனானாம். அதற்குமேல் சேதி இல்லை.

ஆன்ட்ரூஸுக்கு ஆச்சரியம்தான். கல்லறைத் திருநாளன்று கடற்கரையிலுள்ள அவர்கள் ஊரே மெழுகுதிரியும் பூவுமாகக் கல்லறைத் தோட்டத்தில் நிற்கும். செல்வி மட்டும் தலைவலி என்று கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவாள். அப்படிப்பட்டவள், ஊர்க்கோயிலில் மந்திரித்த மெழுகுதிரியைச் சேலைகளுக்கு நடுவே பொதிந்து விமானத்தில் கொண்டுவந்திருக்கிறாள்.

ஊருக்குள் இருந்த பெரிய கல்லறைத் தோட்டத்தில் காரியம் நடக்கவில்லை. லைட்டரைப் பார்த்ததும் காவலாளி கூடாதென்று கையை ஆட்டிவிட்டார். இப்போது ஆற்றுக்கு அப்பால் இருக்கும் இன்னொரு தோட்டத்துக்குப் போகிறார்கள். பாலம் வந்தது. ஆன்ட்ரூஸ் நேரே பார்த்து ஓட்டினார். மீன்பிடி வள்ளத்தை விற்றுவிட்டு மீன்வண்டி ஓட்டத் தொடங்கிய பிறகு, அவர் தண்ணீரை அதிகம் பார்ப்பதில்லை.

"பொழுது சாயுமுன்ன பைக்கை விடணும். கடைக்காரிகிட்ட பாஸ்போர்ட் கெடக்கு. இஞ்சயும் விடல்லன்னா பேசாம திரும்பிருவோம். இன்னொரு நாள் வரலாம்."

"இன்னொரு நாள் வேண்டாம். எனக்கு இன்னைக்குக் கொளுத்தணும்."

இரண்டாவது தோட்டம் ஆற்றங்கரையில் அமைதியாகக் கிடந்தது. புல்வெளியில் வரிசை வரிசையாகக் குட்டைக் கற்கள். ஒவ்வொன்றிலும் எழுத்துப் பொறித்த தகடு. ஒரு தோட்டக்காரர் குழாய் பிடித்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். வேறு ஆள் இல்லை.

செல்வி முதல் வரிசையில் தொடங்கினாள். ஒவ்வொரு கல்லின் முன்னும் குனிவாள், பார்ப்பாள், அடுத்ததற்குப் போவாள்.

"ஏட்டி, இதெல்லாம் வெள்ளக்காரப் பட்டாளத்தான். கூலிவேலைக்கு வந்தவங்களுக்கு இஞ்ச பேரு வெட்டல்லன்னு பிரிஜா சொன்னா, கேட்டியா? உனக்க பாட்டாக்க அண்ணன் பேரு எப்படி இருக்கும்?"

"நான் பேரத் தேடல்ல."

"பின்ன?"

"பேரு இல்லாத கல்லத் தேடுகேன்."

அதிலும் ஒரு நியாயம் இருப்பதாக ஆன்ட்ரூஸுக்குப் பட்டது. ஆள் யாரென்று தெரியாமல் புதைத்தவர்களில் ஒருவர் பாட்டாவின் அண்ணனாக இருக்கக் கூடாதா என்ன?

"உனக்குத்தான் இங்கிலீஷ் தெரியாதே, பிள்ள."

"பேரு இல்லன்னு பாக்க இங்கிலீஷ் எதுக்கு?"

அவரும் அடுத்த வரிசையில் இறங்கித் தேடினார். கொஞ்ச நேரத்தில் குரல் கொடுத்தார்.

"இஞ்ச ஒருத்தன் இருக்கான், பாவம். இருபத்திரண்டு வயசு."

செல்வி சட்டென்று நிமிர்ந்தாள். "பேரு இருக்கா?"

"இருக்கு."

"அப்ப அவனுக்கு ஆளு உண்டு. விடுங்க."

ஆற்றோரமாக, கடைசி வரிசைக்கு முந்தியதில் அவள் நின்றுவிட்டாள். தகட்டில் பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. கீழே இரண்டு வரி மட்டும். செல்வி மண்டியிட்டு, மெழுகுதிரியைப் புல் படாத மண்ணில் ஊன்றினாள்.

தோட்டக்காரர் குழாயோடு வேகமாக வந்தார். ஆன்ட்ரூஸ் குறுக்கே போய் நின்றார். என்ன பாஷையில் கெஞ்சுவதென்று தெரியாமல் கையைக் கூப்பிவிட்டு மனைவியைக் காட்டினார். தோட்டக்காரர் செல்வியின் முகத்தைப் பார்த்தார். பிறகு போய்க் குழாயை அடைத்தார்.

ஆற்றுக்காற்று திரியை அணைத்தது. மறுபடி கொளுத்தினாள், மறுபடி அணைந்தது. ஆன்ட்ரூஸ் ஹெல்மெட்டைக் கழற்றிக் காற்றுக்கு மறைவாகப் பிடித்துக்கொண்டு குந்தினார். சுடர் நிமிர்ந்து நின்றது. செல்வி சிலுவை போட்டுக்கொண்டு செபித்தாள்.

"உனக்க பாட்டாக்க அண்ணன் குடுத்துவச்சவருதாம்ட்டி. இத்தன காலம் கழிச்சு, பேத்தி கடல் தாண்டி வந்து திரி கொளுத்துகா."

"அப்படி ஒருத்தரு இல்ல."

"என்னட்டி சொல்லுக?"

"பாட்டாக்கு அண்ணனே கிடையாது. உள்ளதச் சொல்லியிருந்தா நீங்க பைக்கில ஏறியிருக்க மாட்டீங்க."

ஹெல்மெட் பிடித்த கை அசையாமல் இருந்தது. செல்வி அந்தத் தகட்டைப் புடவைத் தலைப்பால் மெல்லத் துடைத்தாள்.

"ஒக்கிப் புயல்ல போன நம்ம ரிஜோ எந்த நாட்டுக் கரையில ஒதுங்கினானோ, பேரு தெரியாத பிள்ளன்னு அவனையும் யாராவது அடக்கியிருப்பாங்கல்லா? எவளோ பெத்த பிள்ளைக்கு நான் இஞ்ச ஒரு திரி கொளுத்தினா, எம்பிள்ளைக்கு அங்க எவளாவது ஒருத்தி கொளுத்துவா."