முதுகு தேய்ந்த சட்டை

ஜியு-ஜிட்சு மற்போர்ப் பயிற்சி முடிந்ததும் மொட்டைமாடிக் கொடியில் இரண்டு சட்டைகள் வேர்வை காயத் தொங்கும். வெள்ளைச் சட்டைக்குத் தன் முதுகைப் பற்றி ஏகப்பெருமை. வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரியே மொடமொடவென்று இருந்தது. நீலச் சட்டைக்கோ முதுகு தேய்ந்து இழை தெரிந்தது.

"உன்னைப் போடற ஆளுக்கு வேற வேலையே இல்லையா? எப்பப் பாரு மல்லாந்தே கிடக்கறான்!" என்றது வெள்ளை.

"படுத்துக்கிட்டே காலால எதிராளியைத் தடுக்கப் பழகறான். முன்னாடி எல்லாரும் அவன் காலைச் சுலபமாத் தாண்டி நெஞ்சுல ஏறிடுவாங்க. இப்பக் கொஞ்சம் திணறறாங்க."

"என் ஆள் விழுந்தாத்தானே அதெல்லாம் பழகணும்!" வெள்ளை காற்றில் உப்பிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை போட்டி. முதல் ஆட்டத்திலேயே வெள்ளையின் ஆளை ஒருவன் காலை வாரி மல்லாத்திவிட்டான். கீழே கிடந்தவனுக்குத் தன் கால்களை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றே தெரியவில்லை. கவிழ்ந்த கரப்பான்பூச்சி மாதிரி உதைத்துப் பார்த்தான். எதிராளி சாவகாசமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்து கழுத்தை இறுக்க, தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டான்.

மறுநாள் பயிற்சியில், யாரும் தள்ளாமலேயே அவன் போய் மல்லாந்து படுத்தான். "வாங்க, தாண்டுங்க" என்றான். ஆளாளுக்குத் தாண்டினார்கள்.

அன்று கொடியில் வெள்ளைச் சட்டை காற்றில் முன்னும் பின்னும் ஆடிப் பார்த்தது. பிறகு மெல்லக் கேட்டது: "முன்பக்கம் காஞ்சிடுச்சு. முதுகு மட்டும் இன்னும் ஈரமாவே இருக்கே, என்ன பண்றது?"

நீலச் சட்டை கொஞ்சம் நகர்ந்து வெயிலுக்கு வழிவிட்டது.

"இந்தப் பக்கம் திரும்பிக்கோ. நாளைக்கும் நனையும்."